சேமிப்பக டிரைவர்களில் ரீசெட் நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்க் ஒன்று பதில் தராமல் நின்றுவிட்டால், லினக்ஸ் கெர்னலின் ஸ்கஸி அடுக்கு (டிஸ்க்குகளுக்குக் கட்டளை அனுப்பும் பகுதி) முதலில் சிக்கிய கட்டளையை மட்டும் ரத்து செய்யப் பார்க்கிறது. அது பலிக்காதபோது சாதனம், டார்கெட், பஸ், கடைசியாக ஹோஸ்ட் அடாப்டர் (டிஸ்க்குகளைக் கணினியோடு இணைக்கும் வன்பொருள்) என்று படிப்படியாக ரீசெட்டை விரிவாக்குகிறது. மாற்றியமைக்காத நிலையில் டிஸ்க் கட்டளைக்கு 30 நொடி அவகாசம் உண்டு. பஸ்ஸையோ ஹோஸ்டையோ ரீசெட் செய்தபின் சாதனங்கள் நிலைக்கு வர 10 நொடி காத்திருப்பும் உண்டு. இதற்கு மேலும் பல டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்) 'கடைசி ரீசெட் எப்போது' என்ற ஓர் எண்ணை, அதாவது நேர முத்திரையை, தாமே குறித்து வைத்துக்கொள்கின்றன. ஒரே வரியில் முடிகிற வேலை என்பதால் அந்த வரியை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் சோதனைக்கூடத்தில் 32 பிட் போர்டு ஒன்று மூன்றரை வாரம் குறையின்றி ஓடிவிட்டு, 25ஆம் நாள் டிஸ்க்கைத் தொட மறுத்தது. "அண்ணே, ரீபூட் பண்ணா சரியாயிடுது" என்றார் அதைக் கவனித்து வந்த திருநெல்வேலித் தம்பி. ரீபூட்டில் சரியாகிவிடும் பிழையை அப்படியே விடக்கூடாது என்று டிரைவரைத் திறந்தோம். கடைசி ரீசெட்டின் ஜிஃபீஸ் (டிக் டிக்காக ஏறும் கெர்னலின் நேர எண்ணி) மதிப்போடு 10 நொடியைக் கூட்டி, தற்போதைய ஜிஃபீஸ் அதற்கு முந்தையதா என்று கெர்னலின் 'டைம் பிஃபோர்' மேக்ரோவை (இரு நேரங்களை ஒப்பிடும் சிறு நிரல் துண்டை) கொண்டு கேட்டு, ஆம் எனில் 'பிஸி' என்று கட்டளையைத் திருப்பி அனுப்பும் நிபந்தனை அது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மேக்ரோ இரு மதிப்புகளைக் கழித்து, விடையின் குறியைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஆகவே இடைவெளி எண்ணியின் பாதி வீச்சைத் தாண்டிவிட்டால் கடந்த காலம் எதிர்காலமாகத் தெரியும். நொடிக்கு 1000 டிக் அடிக்கும் 32 பிட் கெர்னலில் அந்தப் பாதி வீச்சு ஏறத்தாழ 24 நாள் 20 மணி நேரம். முதல் நாள் நடந்த ரீசெட் இன்னும் பத்து நொடிக்குள்தான் இருக்கிறது என்று டிரைவர் நம்பியதும், அடுத்த 24 நாளுக்கு அப்படியே நம்பியிருக்கும் என்பதும் இதனால்தான். ஓவர்ஃப்ளோவுக்கு (எண்ணி தன் எல்லையைத் தாண்டிச் சுழியத்துக்குத் திரும்புவதற்கு) எதிராக எழுதப்பட்ட மேக்ரோவைப் பயன்படுத்திவிட்டோம் என்ற நிம்மதியே இங்கே குழி பறித்தது. காத்திருப்பு முடிந்தவுடன் அணைந்துவிடும் ஒரு கொடியை (ஆம், இல்லை என்று மட்டும் காட்டும் மாறியை) வைப்பது, அல்லது 64 பிட் ஜிஃபீஸைச் சேமிப்பது, இரண்டில் ஒன்று போதும். நாங்கள் கொடியைத் தேர்ந்தோம்.

இதன் உடன்பிறப்பு, தொடக்க மதிப்பைச் சுழியமாக விடுவது. ஓவர்ஃப்ளோ பிழைகள் சீக்கிரம் வெளிப்படட்டும் என்றே ஜிஃபீஸ் எண்ணி வேண்டுமென்றே, 32 பிட் எல்லைக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து தொடங்குகிறது. ஆகவே 32 பிட் இயந்திரத்தில் 'ரீசெட்டே நடக்கவில்லை' என்பதைக் குறிக்க வைத்த சுழியம், பூட் ஆன முதல் ஐந்து நிமிடமும் எதிர்கால நேரமாகவே படிக்கப்படுகிறது. 64 பிட் மடிக்கணினியில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

எந்தக் கணத்தைக் குறிப்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. ரீசெட்டை ஏவும் முன் நேரத்தைக் குறித்தால், ரீசெட் நடந்து முடிய ஆறு நொடி ஆகும்போது பத்து நொடிக் காத்திருப்பில் நான்கே மிஞ்சும். சுழல் டிஸ்க் முழு வேகம் பிடிக்கும் முன்னரே கட்டளை போய்ச் சேர்ந்து, அது தோற்று, மீண்டும் ரீசெட் என்று ஒரு சுற்று தொடங்கிவிடும். சில டிஸ்க்குகளுக்கு நீண்ட அவகாசம் தேவை என்பதால்தான் லினக்ஸின் ஏடிஏ அடுக்கு (சாட்டா டிஸ்க்குகளைக் கையாளும் பகுதி) ரீசெட் முயற்சிகளுக்கு 10, 10, 35, 5 நொடி என்று வரிசையாகக் கொடுக்கிறது. காத்திருப்பை ரீசெட் முடிந்த கணத்திலிருந்தே கணக்கிட வேண்டும்.

என் கணிப்பில் எல்லாவற்றிலும் ஆபத்தானது, 'இந்தக் கட்டளை ரீசெட்டுக்கு முன் போனதா, பின் போனதா' என்ற கேள்விக்கு அதே நேர முத்திரையைக் கொண்டு விடை காண்பது. நொடிக்கு 250 டிக் என்றால் ஒரு டிக் 4 மில்லிநொடி; அதற்குள் ஒரு என்விஎம்இ டிஸ்க் (அதிவேக எஸ்எஸ்டி வகை) நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும், எனவே ரீசெட்டும் அதற்கு இருபுறமும் உள்ள கட்டளைகளும் ஒரே நேரத்தைத் தாங்கி நிற்கும். ரீசெட்டுக்கு முந்தைய கட்டளையின் பதில் தாமதமாக வந்து, அதே டேக்கை (கட்டளையின் அடையாள எண்ணை) பெற்ற புதிய கட்டளையின் பதிலாக ஏற்கப்பட்டால், படிக்கப்படாத பஃபர் (தரவு வந்து சேரும் நினைவகப் பகுதி) படித்ததாகக் கணக்காகிவிடும். முன்பின் அறியக் கடிகாரம் வேண்டாம், எண்ணிக்கை போதும். லினக்ஸின் என்விஎம்இ டிரைவர் 16 பிட் கட்டளை எண்ணில் 12 பிட்டை டேக்குக்கும் 4 பிட்டை, டேக் மறுபடி பயன்படும்போதெல்லாம் ஏறும் தலைமுறை எண்ணுக்கும் ஒதுக்கி, பழைய பதிலை அடையாளம் கண்டு ஒதுக்குகிறது.

சுவர்க் கடிகார நேரத்தை ஒருபோதும் சேமிக்க வேண்டாம். வலைவழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதை முன்னும் பின்னும் தள்ளும். ஜிஃபீஸோ இயந்திரம் உறங்கும்போது நகராது. உறக்க நேரமும் கணக்கில் வர வேண்டுமானால் பூட்டைம் கடிகாரம் இருக்கிறது. முத்திரையை ஹோஸ்ட் அளவில் ஒன்றே ஒன்று வைத்தால், ஒரு டிஸ்க்கின் ரீசெட்டுக்காக அதே அடாப்டரில் உள்ள பதினைந்து டிஸ்க்குகளும் காத்துக் கிடக்கும்.

கடைசியாக, நாம் செய்யாத ரீசெட். ஒரே சேமிப்பகத்தை இரு சர்வர்கள் பகிரும்போது மற்றச் சர்வர் செய்த ரீசெட் நம் டிரைவரின் குறிப்பில் ஏறாது. அடுத்த கட்டளைக்கு 'யூனிட் அட்டென்ஷன்' என்ற பதிலும் 29 ஹெக்ஸ் என்ற கூடுதல் குறியீடும் வருவதுதான் அதற்கு அறிகுறி. அதைச் சாதாரணப் பிழையாகக் கருதி மறுமுறை அனுப்பிவிட்டு நகரும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலும் நேர முத்திரையையும் தலைமுறை எண்ணையும் புதுப்பித்தாக வேண்டும். டிஸ்க்கில் நாம் முன்பு மாற்றிவைத்த, சேமித்து வைக்கப்படாத மோட் அமைப்புகளும் அந்த ரீசெட்டோடு போயிருக்கும்.