நூறு வரை சொல்கிற குழந்தைக்கு நாலு எண்ணத் தெரியுமா?

நர்சரியில் சேர்க்க வரும் பெற்றோரில் பாதிப் பேர், "நூறு வரைக்கும் தப்பில்லாம சொல்லுவான் டீச்சர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிள்ளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நான் மேசையில் ஒரு பிடி பட்டனைக் கொட்டி, "இதுல எனக்கு நாலு கொடு, பார்க்கலாம்" என்பேன். கையில் அகப்பட்டதை அள்ளிக் கொடுத்துவிட்டு அது பாட்டுக்கு விளையாடப் போய்விடும். பெற்றோர் முகம் வாடிவிடும். வாடவே தேவையில்லை. மூன்று, மூன்றரை வயதில் இது சாதாரணம். எண்களை வரிசையாகச் சொல்வது நாக்குக்குப் பழகிய பாட்டு. எண்ணுவது வேறு வேலை. அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: எண்களைச் சொல்லச் சொல்லாதீர்கள், எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரே மாதிரியான பத்துப் பொருள் போதும். பட்டன், பாட்டில் மூடி, மரக்கட்டை எதுவானாலும் சரி. எதையும் வாயில் போடுகிற வயது என்றால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரியதாக எடுங்கள். ஒரு பொம்மையை உட்கார வைத்து, "பொம்மைக்கு ஒண்ணு கொடு" என்று கேளுங்கள். பிறகு இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு முறையும் கொடுத்ததைக் குவியலில் திரும்பச் சேர்த்துவிடுங்கள். சரி, தப்பு என்று எதுவும் சொல்ல வேண்டாம். எந்த எண்ணில் அள்ளிக் கொடுக்க ஆரம்பிக்கிறதோ, அதற்கு முந்தைய எண் வரைதான் அதற்குப் புரிந்திருக்கிறது.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் இப்படிக் கேட்டுத்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். குழந்தைக்கு முதலில் 'ஒன்று' மட்டும் புரிகிறது. சில மாதம் போன பிறகு 'இரண்டு', இன்னும் கொஞ்சம் போனால் 'மூன்று'. அதற்கப்புறம், பெரும்பாலும் மூன்றரை நாலு வயதை ஒட்டி, சூட்சுமம் பிடிபட்டுவிடுகிறது. ஐந்து கேட்டாலும் எட்டு கேட்டாலும் தானாக எண்ணி எடுத்துத் தருகிறது. ஆகவே இரண்டில் நிற்கிற பிள்ளைக்கு மூன்றைக் காட்டினால் போதும். பத்துக்கு இழுக்க வேண்டாம்.

மூன்றைக் காட்டுவது எப்படி? முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள். "இங்க மூணு மூடி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு மூடி." கடைசி எண்ணைச் சொல்லும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் ஒரு வட்டம் போடுங்கள். மூன்றாவதாகத் தொட்ட மூடியின் பெயர்தான் 'மூணு' என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கும். அந்த வட்டம் அதற்காகத்தான்.

விரலையும் வாயையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். என் வகுப்பில் ஒரு பையன், 'ரெண்' என்று சொல்லும்போது ஒரு பட்டனைத் தொடுவான், 'டு' என்று முடிக்கும்போது அடுத்ததைத் தொட்டிருப்பான். ஐந்து பட்டன் அவனுக்கு மூன்றில் முடிந்துவிடும். இன்னும் சிலர் தொட்டதையே மறுபடி தொடுவார்கள். "மெதுவா எண்ணு" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, எண்ணிய ஒவ்வொன்றையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ள வையுங்கள். தள்ளுவதற்கு நேரம் ஆகும் என்பதால் வாய் தானாகக் காத்திருக்கும்.

ஐந்து வரை எண்ணி முடித்த பிள்ளையிடம் "சரி, எத்தனை இருக்கு?" என்று கேட்டால், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் விடை என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இதற்கு எனக்குப் பிடித்த வழி துணி. எண்ணி முடித்ததும் ஒரு கைக்குட்டையால் மூடிவிட்டு, "உள்ளே எத்தனை?" என்று கேட்பேன். திரும்ப எண்ண வழியில்லாததால் யோசிக்க ஆரம்பிக்கும். அப்புறம் துணியைத் தூக்கிச் சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

ஆனால் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கும்போது ஜாக்கிரதை. சமமான இரண்டு வரிசையைக் காட்டி, ஒன்றை அகலமாகப் பரப்பிவிட்டால், சிறு குழந்தைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்வதை ழான் பியாஜே என்ற உளவியலாளர் காட்டியிருந்தார். 1970களில் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். பெரியவர் பரப்பாமல், ஒரு 'குறும்புக்காரக் கரடி பொம்மை' வந்து கலைத்ததாக விளையாடினார்கள். சமம்தான் என்று சரியாகச் சொன்ன குழந்தைகள் வெகுவாகக் கூடிவிட்டார்கள். டீச்சரே கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், "முதல்ல சொன்னது தப்பு போல" என்று பிள்ளை பதிலை மாற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். எங்கள் வகுப்பிலும் கலைக்கிற வேலை பொம்மைக்குத்தான்.

நாலு வயதுக்கு மேல் நான் அதிகம் நம்புவது பலகை விளையாட்டை. ஒரு நீளமான அட்டையில் பத்துக் கட்டம், இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை. ஒன்று அல்லது இரண்டு எழுதிய சீட்டுகள், ஆளுக்கொரு காய். அவ்வளவுதான். கீதா ராமானியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இதை இரண்டு வாரத்தில் நாலு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போல விளையாடிய குழந்தைகள் எண்களின் அளவை ஒப்பிடுவதில் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது தங்கியிருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அட்டையில் விளையாடியவர்களுக்கு அப்படி முன்னேற்றம் வரவில்லை. காயை நகர்த்தும்போது ஒரு விதி முக்கியம். காய் 4இல் இருந்து, சீட்டில் இரண்டு வந்தால், "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது; "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். பெரியவர்களே இதை மறந்துவிடுவார்கள். தாத்தாக்கள் குறிப்பாக!

விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். 3ஐத் திருப்பிப் போட்டு எழுதினால் பதற வேண்டாம், ஏழு வயது வரைகூட அது நடக்கும்.

ஐந்து வயது நிறைந்து, இப்படியெல்லாம் விளையாடிய பிறகும் இரண்டு, மூன்று பொருளை எடுத்துத் தரத் திணறினால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். காதையும் கண்ணையும் முதலில் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிப் பரிசோதித்துவிடுங்கள்.