இன்சுலின் குப்பி வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதல்முறை இன்சுலின் வாங்க வருகிறவர்கள் சீட்டை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: “தம்பி, இது பன்னிகிட்ட இருந்து எடுக்கிறதாமே?”

திண்டுக்கல் பக்கம் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி இன்னும் நின்றபாடில்லை. பெட்டியைத் திருப்பிக் காட்டுவேன். பொடி எழுத்தில் ‘ஆர்டிஎன்ஏ ஆரிஜின்’ என்று போட்டிருக்கும், மரபணு முறையில் செய்தது என்று அர்த்தம். முன்பெல்லாம் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 1978-ல் அமெரிக்காவில் ஜெனென்டெக் கம்பெனி, சிட்டி ஆஃப் ஹோப் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982-ல் ஹ்யூமுலின் என்ற பெயரில் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்று சில கம்பெனிகள் ஈஸ்ட்டில் செய்கின்றன. நம் பெங்களூர் பயோகானும் பிக்கியா என்ற ஒருவகை ஈஸ்ட்டில்தான் செய்கிறது. இதைச் சொன்னதும் அவர்கள் முகம் தெளிவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உயிருள்ள செல் செய்துகொடுத்த புரதம் இது. 51 அமினோ அமிலங்கள் கோத்த, சுருண்டு மடிந்த இரட்டைச் சங்கிலி. முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடான கல்லில் ஊற்றினால் என்ன ஆகிறது? திரும்பப் பழையபடி ஆகுமா? இன்சுலினும் அப்படித்தான். வெயிலில் கெடும், உறைந்தாலும் கெடும், வேகமாகக் குலுக்கினாலும் கெடும். குப்பியை எப்படி வைப்பது, எப்படிக் கையாளுவது என்று கீழே சொல்வதற்கெல்லாம் காரணம் இதுதான்.

பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், ஃப்ரீசருக்கு ஒட்டின மேல்தட்டும் வேண்டாம். ஒருமுறை உறைந்ததை உருக்கிப் போடக்கூடாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். பிரித்த குப்பியில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதுங்கள். பெரும்பாலான குப்பிகளுக்குப் பிரித்த நாளிலிருந்து நாலு வாரம்தான் கணக்கு. உங்களுடையதற்கு எத்தனை நாள் என்று உள்ளே இருக்கும் தாளில் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் பிரித்ததையும் ஃபிரிட்ஜிலேயே வைத்து, போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுங்கள். சில்லென்று ஏற்றினால் வலிக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து மூடி, நிழலில் வைக்கச் சொல்கிறேன். மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர் போகும்போது ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள்.

இப்போது சிரிஞ்ச். இதில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். நம் நாட்டுக் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இன்சுலின் பேனா என்கிற, பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், பொதுவாக 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. என் அப்பாவுக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஊரிலிருந்து கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்து கொடுத்தார். பேனா இல்லையே என்று அப்பா அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். 12 கோடு என்றால் 0.3 மில்லி. அந்த மருந்தில் 0.3 மில்லி என்றால் 30 யூனிட், 12-க்குப் பதில் இரண்டரை மடங்கு. அரைமணி நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்க, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சுகர் மீட்டரில் 42. அம்மா சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. அன்றிலிருந்து குப்பி எண்ணையும் மூடி நிறத்தையும் வாங்குகிறவர் வாயாலேயே சொல்லவைக்காமல் நான் சிரிஞ்ச் கொடுப்பதில்லை.

போடும் முறை. கையைக் கழுவுங்கள். குப்பியைப் பாருங்கள்: தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கவேண்டியது கலங்கியிருந்தால் வேண்டாம். பால் மாதிரி இருக்கவேண்டிய 30/70 போன்ற கலவை இன்சுலினைக் குலுக்காமல், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகத் தலைகீழாகச் சாயுங்கள். உருட்டிய பிறகும் கட்டியோ, கண்ணாடிச் சுவரில் வெள்ளைப் பூச்சோ தெரிந்தால் அந்தக் குப்பி முடிந்தது. எத்தனை யூனிட்டோ அத்தனை காற்றைக் குப்பிக்குள் தள்ளி, கவிழ்த்து, மருந்தை இழுங்கள். குமிழ் இருந்தால் சுண்டிவிட்டு வெளியேற்றுங்கள்.

தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிறு, இல்லையென்றால் தொடையின் முன்பக்கம், வெளிப்பக்கம். தினமும் ஒரே இடத்தில் குத்தாதீர்கள். வலிக்கவில்லை என்று ஒரே புள்ளியில் குத்திக் குத்தி எலுமிச்சை அளவுக்குத் தடித்துப்போன வயிற்றைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தடிப்பில் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. சுகர் தாறுமாறாக ஆட அதுவே போதும்.

அளவை டாக்டர் மட்டுமே மாற்ற வேண்டும். கம்பெனி மாற்றுவதும் அப்படித்தான். “அதே மருந்துதான், வேற பேரு” என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் டாக்டரைக் கேளுங்கள், நானே சொன்னாலும் சரி. கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் போடுகிறவர்கள் அதை வேறெந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக்கூடாது.

வியர்வை, நடுக்கம், கண் மங்கல் வந்து மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

போட்டு முடித்த ஊசியைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். எங்கள் தெருவில் குப்பை எடுக்கிற அக்கா ஒருமுறை ரத்தம் சொட்டும் விரலோடு கடைக்கு வந்து நின்றார். யார் வீட்டு ஊசியோ, என்ன வியாதியோ தெரியாமல் எத்தனை நாள் பயந்திருப்பார். ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, ஊசி போடும் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுக் கொடுங்கள். என் கடைக்கு வருகிறவர்கள் என்னிடமே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மேசைக்கு அடியில் அதற்கென்றே ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.