ஹீத்ரோவிலிருந்து ஊட்டிக்கு: எத்தனை மணி நேரம் ஒதுக்குவது?

லண்டன் ஹீத்ரோவுக்கும் கோவைக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 8,200 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. சென்னை வரை சுமார் பத்து மணி நேரம், அங்கிருந்து கோவைக்கு ஒரு மணி நேரம் சொச்சம். பன்னிரண்டைத் தாண்டாது என்று என் சித்தப்பா கணக்குப் போட்டார். கோத்தகிரியில் எங்கள் வாசலில் அவர் இறங்கியபோது, அங்கே வீட்டைப் பூட்டி ஒரு முழுநாள் கடந்திருந்தது.

நேரத்தைத் தின்றது சென்னைதான். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவும் சுங்கமும் முடிய வேண்டும். பெட்டிகளை எடுத்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். அவர் விட்டிருந்த இடைவெளி இரண்டு மணி நேரம்; கோவை விமானம் போய்விட்டது. நான்கு மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அப்போது முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் உண்டு. டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்தால் இரண்டு மணி நேரப் பயணம்போலத் தெரியும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உண்மையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இனி மலை. பீளமேடு விமான நிலையத்திலிருந்து ஊட்டிக்கு 90 கிலோமீட்டர் சொச்சம்தான். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் சொன்னால் நம்பாதீர்கள். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். சித்தப்பா இரவோடு இரவாகவே ஏறினார். குழந்தைகள் இருவரும் வழியெல்லாம் வாந்தி. பாட்டி ஆக்கி வைத்திருந்த சோற்றை ஒருவரும் தொடவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. மாலையில் கோவையில் இறங்கினால் அங்கேயோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிட்டு, காலையில் ஏறுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் தங்கினால் இன்னொரு லாபம், காலை ஏழு மணி சுமாருக்குப் புறப்படும் மலை ரயில். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். சிங்கப்பூரிலிருந்து கோவைக்குப் பறந்து வருவதைவிட அதிகம். பல்சக்கரம் பிடித்து ஏறும் இந்தப் பாதை 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்தது. குழந்தைகளுக்கு அவசியம் காட்டுங்கள். டிக்கெட்டை வெகு முன்னதாகவே எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் நின்றுவிடுவதும் உண்டு.

காரில் நீலகிரி மாவட்டத்துக்குள் வருவோருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணையத்தில் பதிந்து எடுக்கும் அனுமதி) கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வருவோர் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பதியலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. எவர்சில்வர் பாட்டில் ஒன்று கையோடு இருக்கட்டும்.

திரும்பும் நாளில் மலையிலிருந்து நேராக விமானத்துக்கு ஓடாதீர்கள். முந்தின நாள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இறங்கி, இரவு கோவையில் தங்குங்கள். சென்னையிலிருந்து லண்டனுக்கு எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும்.