எலும்பு தேயவில்லை, வளர்ந்திருக்கிறது

முதுகெலும்பு விஷயத்தில் நாம் செய்யும் முதல் தவறு பெயரிலேயே இருக்கிறது. ‘எலும்பு தேய்மானம்’ என்கிறோம். ஆனால் பெரும்பாலும் முதலில் கெடுவது இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க். நம் பேச்சில் ஜவ்வு. வயது ஏற ஏற அதன் நீர்ச்சத்து வற்றி உயரம் குறைகிறது. எலும்பின் ஓரங்களோ முள் முள்ளாக வளர்ந்து நீள்கின்றன. பிதுங்கிய ஜவ்வோ வளர்ந்த முள்ளோ நரம்பு வெளிவரும் வழியை நெருக்கும்போதுதான் கையிலும் காலிலும் வலி இறங்குகிறது; மரத்துப்போகிறது. ‘தேய்மானம்’ என்ற சொல்லை நம்பி மாதக்கணக்கில் கால்சியம் மாத்திரை விழுங்குவோரை எனக்குத் தெரியும். எலும்பின் அடர்த்தி குறைவது வேறு நோய். நெருக்கப்பட்ட நரம்பைக் கால்சியம் விடுவிக்காது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் படுத்துக்கொள்வது இன்னொரு தவறு. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. டிஸ்க் சிதைவு இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு இருந்தது. ஐம்பதில் 80, எண்பதில் 96. ஐம்பது வயதுக்காரரின் ஜவ்வு பழையபடியே இருந்தால்தான் அதிசயம். எனவே ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அது உங்கள் உடம்போடு பொருந்துகிறதா என்பது மீதி.

பொருத்தம் பார்க்க வழி இருக்கிறது. கழுத்தின் ஆறாம் நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல் பக்கம் மரக்கும். ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல். இடுப்பில் ஐந்தாம் நரம்பு பாதத்தின் மேற்புறத்துக்கும் பெருவிரலுக்கும் போகிறது. அதற்கடுத்தது பாதத்தின் வெளியோரத்துக்கு. மருத்துவரிடம் ‘கால் மரக்குது’ என்று மட்டும் சொல்லாமல் எந்த விரல் என்று சொல்லுங்கள்.

எல்லா மரத்துப்போதலையும் முதுகின் தலையில் கட்டுவதும் தவறு. இரண்டு பாதங்களும் காலுறை போட்டது போல மதமதத்தால் சர்க்கரை அளவையும் பி12 அளவையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறையக்கூடும். இரவில் கை மரத்து விழித்து, உதறினால் சரியாகிறது என்றால் சிக்கல் கழுத்தில் இல்லாமல் மணிக்கட்டில் இருக்கலாம்.

என் மாமா ஒருவர் தெருமுனை வரை நடந்தால் கால் கனத்து நின்றுவிடுவார். அதே மனிதர் சைக்கிளில் சந்தைக்குப் போய்வருவார். ‘நடிக்கிறார்’ என்றார்கள் வீட்டில். இடுப்பில் தண்டுவடக் குழாய், அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் வழி, குறுகியவர்களுக்கு இதுதான் அடையாளம். நிமிர்ந்தால் குழாய் இன்னும் குறுகும். குனிந்தால் கொஞ்சம் விரியும். உட்கார்ந்தால் வலி அடங்கும். இரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும், ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே தணிந்துவிடும்.

ஓய்வைப் பற்றிச் சுருக்கமாக: நரம்பு பலவீனம் இல்லாத முதுகுவலிக்காரர்களிடம் 1986இல் நடந்த ஆய்வில், இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரேபோல்தான் தேறினார்கள். பிந்தியவர்கள் வேலைக்குத்தான் அதிக நாள் போகவில்லை. பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவதும் உண்டு. கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் ‘சுளுக்கு எடுப்பவர்’களிடம் மட்டும் போகாதீர்கள்.

நான் அதிகம் அஞ்சுவது வலி குறைந்ததும் வரும் நிம்மதியை. வலி போய், ஆனால் செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, முன்பாதம் தரையில் தேய்கிறது என்றால் நரம்பு தேறவில்லை, செயலிழந்துகொண்டிருக்கிறது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவதும், கோலப் புள்ளி தவறுவதும், நடை தள்ளாடுவதும் கழுத்தில் தண்டுவடமே அழுத்தப்படுவதன் குறியாக இருக்கலாம். ‘வயசாகுது’ என்று தள்ளிப்போட இவை ஏற்றவை அல்ல.

இரு தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வர மறுத்தாலோ தெரியாமலே போனாலோ அன்றைக்கே, நள்ளிரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே முதலில் சொல்ல வேண்டியது முதுகுவலியை அல்ல, சிறுநீரை.