முகப்பரு மாத்திரையில உதடு வெடிச்சப்ப நான் பண்ணது

ஐசோட்ரெட்டினாயின் 20 மி.கி ஆரம்பிச்சதும் பரு குறையறதுக்கு முன்னாடி உதடுதான் காஞ்சு போச்சு, வாயோரம் வெடிச்சு காரச்சட்னி பட்டாலே கண்ணுல தண்ணி வந்துரும். வாசனை போட்ட லிப் பாம் எல்லாமே எரிச்சல்தான், வெறும் பெட்ரோலியம் ஜெல்லிய சாப்பிட்டு வாய் கழுவுன ஈரம் காயுறதுக்குள்ள தடவ ஆரம்பிச்சேன், ராத்திரி நல்லா கெட்டியா, அதுலதான் வெடிப்பு மூடுச்சு. கண்ணு உறுத்தலுக்கு லென்ஸ விட்டுட்டு கண்ணாடி, கூட டாக்டர் எழுதுன சொட்டு மருந்து. வைட்டமின் ஏ மாத்திரை இதோட சேரவே கூடாது, லிவருக்கும் கொழுப்புக்கும் ரத்த டெஸ்ட் சொன்னா தள்ளிப்போடாதீங்க. பொண்ணுங்க கண்டிப்பா கவனிங்க, கர்ப்பத்துல இது குழந்தைய ரொம்ப மோசமா பாதிக்கும், நிறுத்தின பிறகும் 1 மாசம் கர்ப்பம் ஆகக்கூடாது, அதனால தங்கச்சி கேட்டாலும் உங்க மாத்திரைய குடுக்காதீங்க.