நாலு விரல் காம்பு: கறுத்தக்கொழும்பான் மாங்காயைப் பழுதில்லாமல் சந்தைக்குக் கொண்டுபோவது

ஏறாவூரிலிருந்து எங்கள் பக்கம் மாங்காய் எடுக்க வரும் வியாபாரி ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, சாக்கை அவிழ்த்துப் பத்துக் காயை எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். ஒன்றிலும் காம்பு இல்லை. காம்பு இருந்த இடத்திலிருந்து பால் வடிந்து, தோலில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. "தங்கச்சி, இந்தக் கோடெல்லாம் நாலு நாளையில கறுக்கும். காம்போட பறிச்சு வைங்க, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு வெறும் லொறியோடு போய்விட்டார். மரத்தை உலுப்பியும் தடியால் அடித்தும் விழுத்திய காய்கள் அன்று முந்நூறுக்கு மேல் கிடந்தன. அவர் சொன்னபடியே நாலாம் நாள் கோடுகள் கறுத்தன. ஆறாம் நாள் காம்படி இளகி அழுகத் தொடங்கியது. பாதிக்கு மேல் மாட்டுக்குத்தான் போனது.

அது 2013 ஆம் ஆண்டு. இன்றைக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், ஆயித்தியமலைக்குக் கிட்ட, எங்கள் வளவில் பதினெட்டு ஒட்டு மாமரங்கள் காய்க்கின்றன. மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள். அவள் வாசித்துச் சொன்ன ஆய்வுகள், நானா காட்டித் தந்தவை, நான் காயைப் பழுதாக்கிப் படித்தவை எல்லாம் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. வீட்டு வளவில் ஐந்து பத்து மரம் வைத்திருப்பவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

முதலில், காய் முற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கறுத்தக்கொழும்பானில் நிறத்தை நம்ப முடியாது. பழுத்த பிறகும் பச்சை முழுதாகப் போகாத இனம் அது. நான் பார்ப்பது தோளை. இளங்காயில் தோள் சரிந்து, காம்பு உச்சியில் நிற்கும். முற்ற முற்ற இரண்டு பக்கமும் தோள் புடைத்து எழும்பி, காம்பு ஒரு சின்னப் பள்ளத்துக்குள் இறங்கியது போலத் தெரியும். அதிலும் சந்தேகம் என்றால் ஒரு காயை வெட்டிப் பாருங்கள். கொட்டையின் ஓடு கத்திக்கு இறுகி நின்று, அதை ஒட்டிய சதை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பியிருந்தால் பறிக்கலாம். வெட்ட மனமில்லாதவர்கள் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். நன்றாக முற்றிய காய் தாழும், இளசு மிதக்கும். மாப்பொருள் சேரச் சேரக் காயின் அடர்த்தி கூடுவதுதான் காரணம்.

அந்த மாப்பொருள்தான் பிறகு சீனியாக மாறுகிறது. காம்பை வெட்டிய நிமிடத்தோடு மரம் காய்க்கு அனுப்புவது நின்றுவிடும். இளசாகப் பறித்ததை எந்த வைக்கோலில் மூடினாலும் தோல் சுருங்கும், புளிப்பு நிற்கும். சித்திரைக் கடைசியில் விலை நன்றாக இருக்கும்போது கை துறுதுறுக்கும், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு முறை புளித்த பழம் வாங்கியவர் அடுத்த கிழமை உங்கள் பெட்டியைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பூத்ததிலிருந்து மூன்று முதல் நான்கு மாதம் என்று கணக்கு வையுங்கள். எங்கள் பக்கம் தை, மாசியில் பூப்பது வைகாசி, ஆனியில் முற்றும். ஒரே மரத்திலும் எல்லாம் ஒன்றாக முற்றாது. ஒரு மரத்துக்கு நான் மூன்று தடவையாவது போகிறேன்.

இனிக் காம்பு. காயும் காம்பும் சேரும் இடத்துக்கு மேலே கொஞ்சம் தடித்த ஒரு கணு இருக்கும். விரலால் தடவினால் பிடிபடும். அந்தக் கணுவில் ஒடித்தால் பால் பீறிட்டுப் பாயும், முகத்தில்கூடத் தெறிக்கும். முதல் சில நொடிகளில் பாயும் அந்தப் பாலில்தான் தர்ப்பீன் எனப்படும் எண்ணெய்ப் பொருட்கள் அதிகம். அவைதான் தோலை எரித்துக் கறுப்பாக்குகின்றன. கணுவுக்கு மேலே நாலு விரல் அளவு காம்பை விட்டு வெட்டிப் பாருங்கள். ஒரு துளி எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிடும். ஒரே மரம், ஒரே காய், வெட்டும் இடம் மட்டும்தான் வித்தியாசம்.

பனி காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டுவதைக் கத்தரியால் வெட்டலாம். எட்டாததற்குக் கொக்கத்தடியின் நுனியில் கத்தியும் அதற்குக் கீழே வலைப்பையும் கட்டியிருக்கிறேன். காய் பையில் விழ வேண்டும், நிலத்தில் விழவே கூடாது. விழுந்த காய் அன்றைக்கு நல்லதாகத்தான் தெரியும். உள்ளே கன்றியது பழுக்கும்போதுதான் வெளியே வரும். மண்ணிலும் காய்ந்த சுள்ளியிலும் இருக்கும் பூஞ்சை அதற்குள் காம்படியால் ஏறியிருக்கும். கச்சான் காற்று உதிர்த்துவிடுவதை நான் தனியாகப் பொறுக்கி அன்றைக்கே ஊறுகாய்க்கு வெட்டிவிடுவேன். விற்கும் பெட்டிக்குள் ஒன்றும் போகாது.

பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுவாருங்கள். பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. சூடு பத்துப் பாகை கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகும், அந்த அளவுக்கு ஆயுள் குறையும். ஆனி மாத வெயிலில் மரத்தடியில் இரண்டு மணித்தியாலம் கிடந்த காயை வீட்டில் எத்தனை நாள் பார்த்துப் பார்த்து வைத்தாலும் அந்த இழப்பைத் திருப்ப முடியாது.

நிழலில் எங்களிடம் ஒரு பழைய கட்டில் சட்டம் இருக்கிறது, அதில் மீன்வலை இழுத்துக் கட்டியிருக்கிறது. காம்பை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு விட்டு வெட்டி, வெட்டிய கையோடு காயைத் தலைகீழாக வலைக்கண்ணில் குத்தி வைப்போம். பால் தோலில் படாமல் நேரே நிலத்தில் சொட்டும். அரை மணித்தியாலத்தில் நின்றுவிடும். பிறகு சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஒரு அழுகல் காயைக் கழுவிய தண்ணீர் நூறு நல்ல காய்க்கு நோயைக் கொடுத்துவிடும்.

பாலைப் பற்றி மகள் வாசித்துச் சொன்ன ஒன்று என் எண்ணத்தையே மாற்றியது. பாலை முழுக்க முழுக்க எதிரி என்றுதான் நினைத்திருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாங்காய்ப் பாலை ஆராய்ந்தவர்கள், பூஞ்சையை எதிர்க்கும் பொருட்கள் அதில் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் கைற்றினேஸ் என்ற நொதியம் பாலில் இருக்கிறது. காயின் தோலில் ரெசோசினோல் என்ற பொருட்களும் இருக்கின்றன. காய் பழுக்கப் பழுக்க இந்தக் காவல் குறைகிறது. பச்சையாக இருக்கும்போது மறுவே இல்லாத காய், பழுத்த மறுநாள் கரும்புள்ளி போடுவதற்கு இதுவே காரணம். அதனால்தான் நான் கணுவோடு பிடுங்காமல் ஒரு சென்ரிமீற்றர் காம்பை விட்டு வைக்கிறேன். எரிக்கும் முதல் பால் மட்டும் போகட்டும், மிச்சம் காய்க்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்கென்று வைக்கும் காயில் நாலு விரல் காம்பையும் வெட்டுவதே இல்லை. காம்பு தானாக உதிரும்வரை அப்படியே கிடக்கும்.

அந்தக் கரும்புள்ளிக்கு அந்திரக்நோசு என்று பெயர். பூக்கும் காலத்தில் மழை விழுந்தால் பூஞ்சை பூவிலும் பிஞ்சிலும் ஒட்டி, தோலுக்குள் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். மாரி மாசி வரை இழுத்தால் அந்த ஆண்டு இதற்குத் தயாராக இருங்கள். இதற்கு மருந்து வேண்டாம், சுடுநீர் போதும். 52 பாகை செல்சியசில் ஐந்து நிமிடம். எங்கள் அளவு இதுதான்: ஒரு பங்கு கொதிதண்ணீருக்கு இரண்டு பங்கு கிணற்றுத் தண்ணீர். பெரிய கிடாரத்தில் கலந்தால் ஏறத்தாழ 53 பாகையில் வந்து நிற்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள், வெப்பமானி கட்டாயம். காயைப் போட்டதும் சூடு இறங்கும், பக்கத்தில் கேத்தலில் கொதிதண்ணீர் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். 55 பாகையைத் தாண்டினால் தோல் வெந்துவிடும். ஒரு தடவை நான் பேச்சுப் பராக்கில் விட்டுவிட்டு நாற்பது காயை அவித்தேன். நேரம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, துணி விரித்து நிழலில் ஈரம் போகக் காய விடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் அடுக்கினால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சுடுநீர் பழ ஈயின் முட்டையைக் கொல்லாது. வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் ஈயைக் கொல்வதற்கு 46 பாகைக்கு மேல் ஒரு மணித்தியாலமோ அதற்கும் கூடவோ வைக்கிறார்கள். அது வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை. ஈயை மரத்தில்தான் தடுக்க வேண்டும். காய் முட்டை அளவு வந்ததும் கடதாசிப் பை போட்டுக் கட்டுங்கள். மரத்தடியில் விழுந்த ஒரு காயைக்கூட விட்டு வைக்காதீர்கள். புழு அதிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகிறது. இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். மெதைல் யூஜினோல் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். அதையும் தொங்கவிடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

சாக்கை மறந்துவிடுங்கள். வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்புச் சந்தைக்குப் போகும்வரை அடிச்சாக்கு மேல்சாக்கின் பாரத்தைச் சுமக்கிறது. ஒவ்வொரு குழியும் காயில் ஒரு கன்றல். பிளாஸ்டிக் பெட்டியில் அடியில் பழைய பத்திரிகை விரித்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், காம்பு பக்கத்துக் காயைக் குத்தாதபடி அடுக்குங்கள். மரக்கறியும் பழமும் பிளாஸ்டிக் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று 2011 கடைசியில் அரசு சட்டம் போட்டபோது நாடெங்கும் வியாபாரிகள் எதிர்த்தார்கள். பெட்டி வாங்கும் செலவும், வெறும் பெட்டி திரும்பி வரும்போது பிடிக்கும் இடமும் அவர்களுக்கு உண்மையான சிரமங்கள். ஆனால் பத்துப் பெட்டி உள்ள வீட்டுக்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரே பருவத்தில் எங்களுக்குப் பெட்டிக் காசு திரும்பிவிட்டது.

பழுக்க வைப்பதற்குக் கார்பைட் கல் வேண்டாம். இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆசனிக்கும் பொசுபரசும் கலந்திருக்கும். தோல் மட்டும் மஞ்சளாகும், உள்ளே மணமும் வராது. மாங்காய் தானே எதிலீன் வாயுவை வெளியிட்டுப் பழுக்கக்கூடியது. அவசரம் என்றால் மூடிய பெட்டியில் இரண்டு பழுத்த வாழைப்பழம் கூட வையுங்கள், அதன் எதிலீன் போதும். மற்றப்படி காற்றோட்டமான அறையில் வைக்கோல் மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். முற்றிய காய் ஐந்து ஆறு நாளில் பழுக்கும். பழுக்காத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். 12, 13 பாகைக்குக் கீழே தோல் சாம்பல் பூத்து, வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் வைக்கலாம்.

இவ்வளவும் செய்தும் ஒரு மரத்துப் பழம் என்னைக் கைவிட்டது. வெளியே அழகு, வெட்டினால் மூக்குப் பக்கம் கூழ். காய் பெருக்கட்டும் என்று அந்த மரத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டிருந்தேன். நைதரசன் கூடிக் கல்சியம் குறைந்தால் சதை இப்படி உள்ளுக்குள் இளகும் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். இப்போது மாரி தொடங்கும்போது மாட்டெருவும் கூட்டெருவும், விவசாயப் போதனாசிரியர் சொன்ன அளவுக்கு உரமும்தான். பூக்க முன்பு இரண்டு மாதம் தண்ணீர் காட்டுவதில்லை. பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்த பிறகு முறையாக இறைக்கிறேன்.

நாலு விரல் காம்பு விட்டு வெட்டக் கை எட்ட வேண்டும், அதற்கு மரம் குட்டையாக இருக்க வேண்டும். அப்பாவின் காலத்து மாமரங்கள் தென்னை உயரம். 1978 நவம்பர் சூறாவளி அவற்றை ஒரே இரவில் வேரோடு சாய்த்துவிட்டது. எங்கள் மரம் எதையும் நான் பன்னிரண்டு அடிக்கு மேல் விடுவதில்லை. கடைசிக் காய் இறங்கிய கிழமையே, ஆடி பிறந்ததும், உயர்ந்த கொப்பையும் காய்ந்த சுள்ளியையும் உள்ளே வெளிச்சத்தை மறைக்கும் கிளையையும் வெட்டிவிட வேண்டும். பிந்தினால் புதுத் தளிர் தைக்குள் முற்றாது, முற்றாத கொப்பு பூக்காது. வெட்டிய சுள்ளியை மரத்தடியில் போட்டு வைக்காமல் எரித்துவிடுங்கள். பூஞ்சை குடியிருப்பது அதில்தான்.

இந்த மாரிக்குக் கன்று வைக்கப் போகிறவர்கள் ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டு, மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். கன்று வேர் பிடித்து இடுப்பு உயரம் தாண்டியதும் நடுத்தண்டை இரண்டரை அடியில் வெட்டுங்கள். அவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை வெட்ட மனம் கேட்காது. வெட்டுங்கள். கீழே துளிர்ப்பதில் மூன்று பக்கமாகப் போகும் மூன்று கொப்பை மட்டும் விட்டு, மற்றதை நகத்தால் கிள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருடம் பூ வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். நாலாம் வருடம் நிலத்தில் நின்றபடியே கத்தரியை நீட்டி முதல் காயை வெட்டலாம்.