கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் பணத்தை நிறுத்துவது எப்படி?

வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் போகும் பணத்தை நிறுத்த வேண்டுமானால், அது எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேண்டேட், அதாவது ஒரு நிறுவனம் நம் கணக்கிலிருந்து பணம் பிடித்துக்கொள்ள நாம் கொடுத்த அனுமதி, வழியாகப் போவது ஒன்று, யு.பி.ஐ. வழியாகப் போவது ஒன்று, ஏ.டி.எம். கார்டு வழியாகப் போவது ஒன்று, வங்கியே நேரடியாகப் பிடித்துக்கொள்வது ஒன்று. இவை ஒவ்வொன்றையும் நிறுத்தும் இடம் வேறு. இது தெரியாததால்தான் நம்மில் பலர், பணம் வாங்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்து, அடுத்த தவணையும் போன பிறகு ஓய்ந்துவிடுகிறோம்.

வழியைச் சொல்வது பாஸ்புக்தான். அதைப் பதிந்து பல மாதங்கள் ஆகியிருந்தால், சில வங்கிகளில் பழைய வரவு செலவுகளைத் தனித்தனியாக அச்சிடாமல் ஒரே தொகையாகக் காட்டிவிடுவார்கள். ஆகவே கடந்த ஓர் ஆண்டுக்கான ஸ்டேட்மென்ட்டை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் பற்றுப் பக்கத்தை மட்டும் விரல் வைத்துப் படித்து வாருங்கள். ‘ஏ.சி.எச்.’, ‘என்.ஏ.சி.எச்.’, ‘ஈ.சி.எஸ்.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் பெயர் சுருக்கமாக இருந்தால் அது மேண்டேட். ‘யு.பி.ஐ.’ என்பதோடு ‘மேண்டேட்’ அல்லது ‘ஆட்டோபே’ என்று இருந்தால் அது கைப்பேசிச் செயலியில் கொடுத்த அனுமதி. ‘பி.எம்.எஸ்.பி.ஒய்.’, ‘பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்.’, ‘ஏ.பி.ஒய்.’ என்பவை முறையே அரசின் விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியத் திட்டங்கள். எஸ்.எம்.எஸ். கட்டணம், கார்டுக்கான ஆண்டுக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணம் ஆகியவை வங்கியே பிடிப்பவை. புரியாத வரி ஒவ்வொன்றையும் பென்சிலால் சுழித்து, தேதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்குச் செல்லுங்கள்.

இவற்றில் அதிகம் தொல்லை தருவது என்.ஏ.சி.எச். மேண்டேட்தான். இந்தியத் தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் ஏற்பாடு இது. மோட்டார் சைக்கிளையோ, கைப்பேசியையோ, வீட்டு உபயோகப் பொருளையோ தவணையில் வாங்கும்போது நீட்டப்படும் தாள்களுக்கு நடுவே இந்தப் படிவமும் இருக்கும்; இப்போது ஆதார் ஓ.டி.பி. வழியாகவும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். படிவத்தில் எழுதப்படும் உச்சத் தொகை, பெரும்பாலும் உண்மையான தவணையைவிடக் கூடுதலாக இருக்கும்; காலமும் கடன் முடியும் தேதியைத் தாண்டி நீளும். கடன் முடிந்த பிறகும் பணம் பிடிக்கப்படுவதற்கு இதுதான் வாசல்.

ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் 20 எழுத்துகளும் எண்களும் கொண்ட தனி அடையாள எண் உண்டு. பல வங்கிகளின் நெட் பேங்கிங்கில், மேண்டேட் பகுதியில் இந்த எண்ணைப் பார்க்கலாம். அங்கேயே ரத்து செய்ய வசதி இருந்தால் அதைப் பயன்படுத்திவிட்டு, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே கணக்கு எண், நிறுவனத்தின் பெயர், மேண்டேட்டின் அடையாள எண் ஆகியவற்றை எழுதுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை:

“நான் தங்கள் கிளையில் மேற்கண்ட எண்ணுள்ள சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். இக்கணக்கிலிருந்து மேற்கண்ட நிறுவனம் பணம் பெறுவதற்காகப் பதிவாகியுள்ள என்.ஏ.சி.எச். மேண்டேட்டுக்கு நான் அளித்த சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். அதை ரத்து செய்து, இனி அதன் பேரில் வரும் எந்தக் கோரிக்கைக்கும் பணம் வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் கிளையின் முத்திரையும் கையொப்பமும் பெறாமல் வெளியே வராதீர்கள். பிறகு நடக்கக்கூடிய எல்லா வாதத்துக்கும் அந்த முத்திரைதான் ஆதாரம். அடுத்த தவணைத் தேதிக்குச் சில வேலை நாட்கள் முன்பே இதைச் செய்வது அவசியம். முந்தைய நாள் மாலையில் கொடுத்த கடிதத்தால் மறுநாள் பிடித்தம் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

“கம்பெனியிடம் தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள்” என்று கவுன்ட்டரில் சொல்லக்கூடும். அதற்கு இணங்க வேண்டியதில்லை. என்.ஏ.சி.எச்.சுக்கு முன்பிருந்த ஈ.சி.எஸ். காலத்திலேயே ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக்கியிருக்கிறது: வாடிக்கையாளர் கொடுத்த மேண்டேட் ஒரு காசோலைக்குச் சமம், காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று சொல்வதைப் போலவே அதையும் நிறுத்தச் சொல்லலாம், அதற்குப் பணம் பெறும் நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை. பணிவாகவும் உறுதியாகவும் இதை மேனேஜரிடம் சொல்லுங்கள்.

ஆனால் மேண்டேட்டை நிறுத்துவதால் கடன் நின்றுவிடாது. தவணை பாக்கி இருக்கும்போது நிறுத்தினால் அபராத வட்டி ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறையும், வசூலுக்கு ஆள் வருவார்கள். கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்புவதும், 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ், காசோலை திரும்புவதைப் போலவே வழக்குக்கு இடம் தரக்கூடியது. எனவே கடனைத் தீர்த்துச் சான்று பெற்ற பிறகு மேண்டேட்டை ரத்து செய்யுங்கள், அல்லது வேறு வழியில் தவணை கட்டுவதாக நிறுவனத்துக்கு எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை வருமானக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குலசேகரம், அருமனைப் பகுதிகளில் மழை பிடித்துவிட்டால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகிறது. அந்த மாதங்களில் கணக்கில் இருப்பு இல்லாமல் ஒரு தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணமும் போடுவார்கள். வங்கிக் கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். பிறகு கைக்கு வரும் முதல் கூலி கணக்கில் விழுந்தவுடன் அந்தக் கட்டணம் பிடிக்கப்படுகிறது. தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே தவணைத் தேதியை மாற்றித் தரும்படி எழுத்து மூலமாகக் கேட்பது, பின்னால் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு அலைவதைவிடப் பயன் தரும்.

யு.பி.ஐ. ஆட்டோபேயை நிறுத்துவது எளிது. கூகுள் பே, போன்பே போன்ற செயலிகளில் உங்கள் சுயவிவரப் பகுதிக்குள் ‘ஆட்டோபே’ இருக்கும். அதில் தேவையற்றதைத் தேர்ந்து, ரத்து செய்து, யு.பி.ஐ. பின் (PIN) எண்ணைப் போட்டால் போதும். பணம் பிடிக்கும் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் பிடித்தமும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். நிற்காது. ஒரு ரூபாய்க்குச் சோதனைச் சந்தா என்று கேட்கும் திரையில், அதற்குப் பிறகு எவ்வளவு பிடிக்கலாம் என்ற உச்சத் தொகையும் எழுதியிருக்கும். பின் எண்ணைப் போடுவதற்கு முன் அதைப் படியுங்கள். கார்டு வழியான சந்தாக்களுக்கு, 2021 அக்டோபர் 1 முதல், பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும்; அந்தத் தகவலிலிருந்தே விலகிக்கொள்ளலாம்.

அரசுத் திட்டங்களில் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். வழக்கமாக மே மாதக் கடைசியில் பிடிக்கிறார்கள். தலா 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு தரும் இவற்றை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்து, இரண்டிலும் பிடிக்கப்பட்டால், ஒன்றை மே மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்; காப்பீடு ஒன்றுக்குத்தான் கிடைக்கும், இரண்டாவது பிரீமியம் வீண். நகைக்கடன் வைக்கப் போன இடத்தில் தலையில் கட்டப்பட்ட தனியார் காப்பீடு என்றால், பாலிசி கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மகனின் கணக்கிலிருந்து பணம் போகிறது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தியோ, ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்த ஊர் எண்ணுக்குப் போகிறது. மார்த்தாண்டத்திலோ கொல்லங்கோட்டிலோ கிளைக்குப் போய் நிற்கும் தாயின் கையெழுத்து அந்தக் கணக்குக்குச் செல்லாது. கணக்குக்கு உரியவர்தான் நெட் பேங்கிங் வழியாகவோ, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தோ கேட்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் கிளையில் புதுப்பித்து, தேவைப்பட்டால் வீட்டில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் எந்தச் சம்மதமும் கொடுக்காமலேயே பணம் போயிருந்தால், அன்றைக்கே வங்கியில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். மோசடி என்றால் 1930 என்ற எண்ணையும் உடனே அழையுங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதோ உங்கள் மீதோ தவறில்லாமல் வெளியாரால் நடந்த பரிவர்த்தனையை, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இணையத்தில் பதியத் தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொண்டு, தபாலிலும் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். முத்திரையிட்ட கடிதத்தின் நகல், சுழித்த வரிகள் உள்ள ஸ்டேட்மென்ட், வங்கி தந்த புகார் எண் ஆகிய மூன்றையும் இணைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு தொகை திரும்ப வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.